முன்னிலை வகித்தவர்கள்

எங்கள் பக்கத்து அழைப்பிதழ்களில் ஒரு வசதி உண்டு. தலைமை என்று ஒருவர் பெயரைப் போட்டால் மற்றவர்கள் கோபித்துக்கொள்வார்கள். சிறப்புரை என்று போட்டால் அவர் நிஜமாகவே பேசிவிடுவார். அதனால் மிச்சமிருக்கும் பெரிய மனிதர்களையெல்லாம் 'முன்னிலை' என்ற ஒரே தலைப்பின் கீழ் அடுக்கிவிடுவோம். முன்னிலை வகிப்பவருக்கு மேடையில் நாற்காலி உண்டு, தண்ணீர் பாட்டில் உண்டு, பொன்னாடை உண்டு. வேலை மட்டும் கிடையாது. முன்னால் நடப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கண்ணைத் திறந்தபடி தூங்கத் தெரிந்தால் கூடுதல் தகுதி.

இந்தக் கலையில் மேட்டுப்பாளையம் சுற்றுவட்டாரத்தில் நஞ்சுண்டனை மிஞ்ச ஆள் கிடையாது. கோழிப்பண்ணையில் சம்பாதித்து, ஞானத்தேர் குளோபல் பள்ளியைக் கட்டி, அதற்குத் தாளாளராக இருப்பவர். ரேக்ளா பந்தயம், ரத்ததான முகாம், கும்பாபிஷேகம், பல் ஆஸ்பத்திரித் திறப்பு என்று அவர் முன்னிலை வகிக்காத நிகழ்ச்சி இல்லை. ஒரு கல்யாணத்தில் பந்தல் சரிந்து சமையல்காரர் ஒருவர் அடியில் மாட்டிக்கொண்டபோதுகூட, அவரை வெளியே இழுத்து எடுக்கும் வரைக்கும் நஞ்சுண்டன் முன்வரிசை நாற்காலியை விட்டு அசையவில்லை. "எடத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்குதுங்கல்ல" என்று பிறகு விளக்கினார். கேட்டவர்கள் பெரிய மனுசன் பெரிய மனுசன்தான் என்று தலையாட்டினார்கள்.

அப்பேர்ப்பட்டவருடைய பள்ளிக்குத்தான் கிருபாசங்கர் ஒரு திங்கட்கிழமை காலை, மகனுடைய ஒற்றை ஷூவை மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு கோபமாகக் கிளம்பினார்.

கிருபாசங்கர் கோபப்படுகிற ஜாதி இல்லை. காரமடை ரோட்டில் ஷெட் போட்டுப் பாக்குமட்டைத் தட்டு செய்கிறவர். மட்டை லோடு ஈரமாக வந்து இறங்கினால், கொண்டுவந்தவர் வாயைத் திறக்கும் முன்பே, "மழைக்கு நீங்க என்னங்க பண்ணுவீங்க" என்று அவருக்குச் சமாதானம் சொல்லி அனுப்புகிற மனிதர். ஆனால் ஆறாம் வகுப்புப் படிக்கும் மகன் நிதீஷ் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் அழுக்கு சாக்ஸுமாகப் பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததைப் பார்த்தபோது அவருக்கே பொறுக்கவில்லை.

விஷயம் இதுதான். பள்ளிப் பஸ்ஸின் கடைசி சீட்டு ஒன்பதாம் வகுப்பு மதன்குமாருக்குச் சொந்தம். பள்ளி வாசலில் நிற்கும் தேர் வடிவ வளைவைக் கட்டிக் கொடுத்தது அவனுடைய அப்பா. அதனால் பஸ்ஸில் பாதியும் தனக்குத்தான் என்று பையன் நினைத்துவிட்டான். முதலில் நிதீஷின் டிபன் டப்பா கடைசி சீட்டுக்குப் போனது. பிறகு பெல்ட் போனது. பிறகு ஷூ. கழற்றிய ஷூ கை மாறிக் கை மாறிப் பஸ் முழுக்கச் சுற்றும். நிதீஷ் ஒவ்வொரு சீட்டாகக் கெஞ்சிக்கொண்டு அதன் பின்னால் போக வேண்டும். அன்று பவானிப் பாலத்தில் பஸ் போகும்போது ஒரு ஷூ ஜன்னல் வழியாக ஆற்றுக்குப் போய்விட்டது. பஸ் நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள். டிரைவர் ஆறுச்சாமி கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் ஓட்டினார்.

பள்ளிக்குப் போகும் முன் கிருபாசங்கர் பக்கத்து வீட்டு சீனிவாசலுவைப் பார்க்கப் போனார். ஹார்டுவேர் கடைக்காரர். அவர் மகள் அக்ஷயா எட்டாம் வகுப்பு, அதே பஸ்.

"பாத்துச்சாமுங்க. வந்து சொல்லுச்சு. சோறுகூடத் திங்கிலீங்க அன்னிக்கு" என்றார் சீனிவாசலு.

"அப்படீன்னா ஸ்கூலுக்கு வந்து, இன்னதுதான் நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை..."

"மொதல்ல உக்காருங்க" என்றார் சீனிவாசலு.

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் பக்கம் யார் எவ்வளவு கோபமாக வந்தாலும் முதலில் உட்காரச் சொல்வோம். உட்கார்ந்தவருக்குத் தண்ணீர் வரும். ஒருவர் வீட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டு அவர்மேல் கோபப்படுவது மரியாதை இல்லை. இப்படி எத்தனையோ நியாயமான கோபங்களை நாங்கள் ஒரு சொம்புத் தண்ணீரில் அணைத்திருக்கிறோம். கிருபாசங்கரும் உட்கார்ந்தார். குடித்தார்.

"நம்ம கண்ணுல பட்டது நம்ம ஊட்டோட இருக்கட்டுமுங்க" என்றார் சீனிவாசலு, மிகுந்த அன்போடு. "புள்ள இன்னும் நாலு வருசம் அதே பஸ்லதானுங்களே போயாகோணும்."

பள்ளியிலும் அதே வரவேற்புதான். தாளாளர் எழுந்து நின்று கையைப் பிடித்து, "மொதல்ல உக்காருங்க" என்றார். அட்டெண்டர் தண்ணீர் கொண்டுவந்தார். மஞ்சப்பையைப் பிரித்து ஷூவை மேசைமேல் வைப்பதா வேண்டாமா என்று கிருபாசங்கருக்கே சந்தேகம் வந்துவிட்டது. மேசை அவ்வளவு பளபளப்பாக இருந்தது. பையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

முதல்வர் லின்சி மேடம் ஏற்கெனவே விசாரணையை முடித்திருந்தார்.

"மதன்குமார் ஒரு வார்த்தைகூட மரியாதைக் குறைவாப் பேசலை சார். 'தம்பி, ஷூவைக் கழட்டிக் குடுங்க'ன்னுதான் கேட்டிருக்கார். 'மண்டி போடுங்க'ன்னு சொல்லியிருக்கார். போடா வாடா எங்கேயுமே வரலை. நாங்க வாரா வாரம் நடத்தற பண்பாட்டு வகுப்போட பலன்தான் இது. உண்மையைச் சொன்னா எனக்குப் பெருமையா இருக்கு."

கிருபாசங்கர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது இருக்கட்டுங்க மேடம். அந்தப் பையன் பண்ணுனது ஒரு பக்கம். பஸ்ஸு நெறையப் புள்ளைங்க இருந்திருக்காங்க. அத்தன பேரும் பாத்துட்டே இருந்திருக்காங்க. ஒருத்தராச்சும் எந்திரிச்சு, ஏனப்பா இப்படிப் பண்றேன்னு கேட்டிருந்தா என்ற பையனுக்கு இவ்வளவு தூரம் வந்திருக்காதுங்கல்ல?"

அதுவரை சிரித்த முகமாக இருந்த தாளாளர் முகம் மாறியது. மதன்குமாரைப் பற்றிச் சொன்னபோது மாறாத முகம்.

"பாத்துட்டு இருந்தது தப்புங்களா?" என்றார், நிஜமான வருத்தத்தோடு. "நா முப்பது வருசமாப் பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன். எத்தனை மேடை, எத்தனை பஞ்சாயத்து. கண்ணு முன்னால என்னென்னமோ நடந்துபோச்சு. ஒண்ணுலயாவது நஞ்சுண்டன் குறுக்க போனான்னு யாராச்சும் சொல்லட்டும், இந்த ஸ்கூல இழுத்து மூடிப்போடறேன். அந்தப் பொறுமைக்குத்தானுங்க ஊரு என்னையக் கூப்பிட்டு முன்னால உக்கார வெக்குது. எல்லாருமே எந்திரிச்சுக் குறுக்க போயிட்டா, அப்பறம் பாக்கறதுக்கு ஆளு வேண்டாமுங்களா?"

இதற்குப் பதில் உலகத்தில் யாருக்கும் தெரியாது.

"ஆனா நீங்க சொல்றதுலயும் நாயம் இருக்குதுங்க" என்று தாளாளர் குரலைத் தாழ்த்தினார். "புள்ளைங்க பாத்த விதம் சரியில்ல. நானும் பஸ்ஸுக் கேமராவுல பாத்தேன். ஒருத்தன் சீட்டு மேல ஏறி நிக்கறான். ஒருத்தி ஜன்னலப் பாத்துத் திரும்பிக்கறா. ஒருத்தன் முறுக்குத் திங்கறான். இதெல்லாம் ஒரு பார்வைங்களா? முன்னிலைன்னா அதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கோணும். நம்ம சொல்லிக் குடுக்காதது நம்ம தப்பு. மேடம், எழுதிக்குங்க."

இப்படித்தான் ஞானத்தேர் குளோபல் பள்ளியில் 'முன்னிலை மன்றம்' பிறந்தது.

பயிற்சி கொடுக்கக் கோவையிலிருந்து ஒருவர் மடிக்கணினியோடு வந்தார். மன்றத்துக்கு ஆள் எடுக்க நேர்முகத் தேர்வு வைத்தார்கள். ஒரே கேள்விதான்: உங்கள் நண்பன் அடி வாங்குகிறான், நீங்கள் என்ன செய்வீர்கள்? 'தடுப்பேன்' என்று சொன்னவர்களை அடுத்த ஆண்டு முயலச் சொன்னார்கள். 'டீச்சரிடம் சொல்வேன்' என்றவர்களைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்தார்கள். 'முதலில் என் சட்டையைச் சரிசெய்துகொள்வேன்' என்று சொன்ன ஒரு பையனை எல்லாரும் எழுந்து கைகுலுக்கி மன்றத் தலைவனாக்கினார்கள். சேர்ந்தவர்களுக்கெல்லாம் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வெள்ளிநிற பேட்ஜ். அதில் ஒரு கண் படம், திறந்தபடி.

பயிற்சியில் முக்கியமான பாடம் 'அக்கறை முகம்'. புருவம் லேசாக மேலே போக வேண்டும். உதடு மூடியிருக்க வேண்டும். தலை ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும். பயந்த முகம் கூடாது, அது பள்ளிக்குக் கெட்ட பெயர். சிரித்த முகம் கூடாது, அது பழைய முறை. அழுகிற முகம் வந்துவிட்டால் உடனே வரிசையின் பின்பக்கம் போய்விட வேண்டும். பிள்ளைகள் வீட்டுக் கண்ணாடி முன் நின்று பழகினார்கள். பெற்றோர்கள் அதைப் படமெடுத்து வாட்ஸப் குழுவில் போட்டார்கள். சீனிவாசலு தன் மகளுடைய படத்துக்குக் கீழே மூன்று கைகூப்பும் படங்களைச் சேர்த்திருந்தார்.

பஸ்ஸில் எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. நிதீஷின் ஷூவைக் கழற்றச் சொல்லும் முன் மன்ற உறுப்பினர்கள் நடைவழியில் இரண்டு வரிசையாக நிற்பார்கள். அவர்கள் நின்று முடிக்கும் வரை மதன்குமார் பெருந்தன்மையோடு காத்திருப்பான். நிற்கிற பிள்ளைகள் குலுக்கலில் விழுந்துவிடக் கூடாதே என்று ஆறுச்சாமி பஸ்ஸை ஒரு புளியமரத்து நிழலில் ஓரம் கட்டுவார். பள்ளிப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளை என்பதால் அக்ஷயாவுக்கு நன்றியுரை. அவளுடைய அப்பாவே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தது:

"இன்றைய நிகழ்வைச் சீரும் சிறப்புமாக நடத்தித் தந்த மதன்குமார் அண்ணா அவர்களுக்கும், ஓடாமல் ஒத்துழைப்பு நல்கிய நிதீஷ் தம்பி அவர்களுக்கும், வண்டியை நிழலில் நிறுத்திக் கொடுத்த ஓட்டுநர் ஐயா அவர்களுக்கும், கடைசி வரை அசையாமல் முன்னிலை வகித்த அன்பு நெஞ்சங்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி."

எல்லாரும் கை தட்டுவார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் ஷூ வெளியே போகும்.

கிருபாசங்கர் மறுபடியும் பள்ளிக்குப் போனார். இந்தத் தடவை ஷூவைக் கையிலேயே பிடித்துக்கொண்டு போனார். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார். தண்ணீர் வந்தது.

"இப்ப எப்படிங்க, ஒழுங்கா நடக்குதுங்களா?" என்று தாளாளர் ஆசையாகக் கேட்டார்.

"நடக்குதுங்க. அதுதான் நடக்கக் கூடாதுன்னு..."

"உங்களுக்கு என்னங்க வேணும்? மனசுவிட்டுச் சொல்லுங்க. உங்க பையன யாரும் தொடக் கூடாது. அவ்வளவுதானுங்களே?"

"ஆமாங்க" என்றார் கிருபாசங்கர். கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

"அப்ப மன்றத்துல சேத்திப்போடலாமுங்க. மன்றத்துப் புள்ளைங்கள மதன்குமாரு தொட மாட்டான், அது சட்டம். உங்க பையனுக்கு அனுபவமும் இருக்குது. ஒரு நிகழ்வை உள்ள இருந்து பாத்தவன்." தாளாளர் சற்று முன்னால் சாய்ந்தார். "அப்பறம் நீங்களும் இனி வெளியாளு இல்லீங்க. பெற்றோர் தரப்புல உங்களையும் முன்னிலையில போட்டறலாம்னு இருக்கறேன். நம்ம விழாவுக்கெல்லாம் தட்டு எங்கிருந்தோ வருதுங்க. இனி உங்க ஷெட்டுலருந்தே வந்தறட்டுமே."

சத்தம் போடுவதற்காகத்தான் கிருபாசங்கர் வந்திருந்தார். வாயிலிருந்து வந்தது "சரீங்க" என்ற ஒரு வார்த்தை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வார்த்தை எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டே வண்டி ஓட்டினார்.

அவர் மனைவி கீதா ஷெட்டில் உட்கார்ந்து, விரிசல் விட்ட தட்டுகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப நம்ம பையன் எடத்துல இனி யாருங்க?"

"அது ஸ்கூலுக்காரங்க பாடு."

"அந்த எடம் சும்மா கெடக்குமுங்களா?"

கிருபாசங்கர் லோடு ஆட்டோ வந்த சத்தம் கேட்டது போல எழுந்து வெளியே போனார். ஆட்டோ எதுவும் வரவில்லை.

இடம் சும்மா கிடக்கவில்லை. அடுத்த வாரமே சாமுவேல் என்ற பையன் அதற்கு வந்து சேர்ந்தான். அவன் அம்மா ஜெயக்கொடி நர்ஸ். பெருந்துறையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டு மேட்டுப்பாளையத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள். பையன் ஆறாம் வகுப்பு, நிதீஷின் பக்கத்து பெஞ்சு. கொஞ்சம் திக்கித் திக்கிப் பேசுவான். மதன்குமாருக்கு அது பிடித்துவிட்டது.

நிதீஷுக்கு எல்லாம் நலம். இரண்டு ஷூவும் வீட்டுக்கு வந்தன. டிபன் டப்பா காலியாக வந்தது. பேட்ஜை அவனே துடைத்துக் குத்திக்கொண்டான். பேச்சுத்தான் குறைந்துவிட்டது. ஒரு நாள் காலை ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே சொன்னான்.

"அப்பா, சாமுவேல் இப்பெல்லாம் ஷூ போடாமயே வர்றான்."

"ஏன் கண்ணு?"

"போட்டாத்தான புடுங்குவாங்க." லேஸை இறுக்கி முடித்துவிட்டு எழுந்தான். "நா எப்படி நிக்கறேன்னு பாக்கறீங்களாப்பா? எங்க வரிசையிலயே நாந்தான் நல்லா நிக்கறேன்னு சார் சொன்னாரு."

நின்று காட்டினான். புருவம் லேசாக மேலே போனது. உதடு மூடியது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. பன்னிரண்டு வருடமாகத் தினமும் பார்த்த முகத்தில் தன் மகன் எங்கே என்று கிருபாசங்கர் தேடினார். அவருக்குப் பயமாக இருந்தது. ஒற்றை ஷூவோடு அழுதுகொண்டு வந்தபோதுகூட இவ்வளவு பயம் இல்லை. இனி அந்த மன்றத்துக்குப் போக வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. பின்னால் ஷெட்டில் பள்ளி விழாவுக்கான தட்டுகளை மிஷின் அழுத்திக்கொண்டிருந்தது.

"பஸ்ஸு வந்துரும், வா கண்ணு" என்றார்.

அந்த விழாவின் பெயர் 'முன்னிலைப் பெருவிழா'. மன்றத்தின் வெற்றியை மாவட்டத்துக்கே காட்டுவதற்காக நடத்தியது. அழைப்பிதழில் முன்னிலை வரிசை நீண்டுகொண்டே போய்ப் பின்பக்கத்துக்குத் திரும்பியிருந்தது. அந்தத் திருப்பத்தில் 'தட்டுத் தொழிலதிபர் கிருபாசங்கர்' என்று இருந்தது. மறைப்பானேன், அதை அவர் ஷெட்டில் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினார். கீதா மட்டும் வாங்கிப் பார்க்கவில்லை.

மேடையில் முன்வரிசையில் நேர் நடு நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலி அவருக்கு. கீழே கூட்டம். மேடைக்கு ஒரு பக்கம் மன்றத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள், முதல் ஆளாக நிதீஷ். தாளாளர் பேசினார்.

"பெரியோர்களே. இன்னிக்கு நாட்டுல எங்க பாத்தாலும் ஒரே கவலை, புள்ளைங்க புள்ளைங்கள அடிக்கறாங்கன்னு. அடிக்கறவனத் திருத்தோணுங்கறாங்க. அடி வாங்கறவனுக்குத் தைரியம் சொல்லோணுங்கறாங்க. நா கேக்கறேன், இவங்க ரெண்டே பேரு. சுத்தி நிக்கறவங்க நாப்பது பேரு. ஃபீஸு கட்டறவங்கள்ல யாருங்க மெஜாரிட்டி? அந்த நாப்பது பேருக்கு இது வரைக்கும் யாராச்சும் ஒரு நாற்காலி போட்டிருக்காங்களா? ஒரு பேட்ஜு குடுத்திருக்காங்களா? நாங்க குடுத்திருக்கறோம். எங்க பள்ளியில நடக்கற எந்தத் தப்பும் அனாதையா நடக்காதுங்க. உரிய மரியாதையோட, உரியவங்க முன்னிலையிலதான் நடக்கும்."

பெருத்த கைதட்டல். நஞ்சுண்டன் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்து 'செயல்முறை விளக்கம்'. அதாவது பஸ்ஸில் நடப்பதை மேடையில் நடத்திக் காட்டி, மன்றம் எப்படி முன்னிலை வகிக்கிறது என்று பெற்றோர்களுக்குக் காட்டுவது. நடிப்பில் செயற்கைத்தனம் இருக்கக் கூடாது என்று மதன்குமாரையே மதன்குமாராகவும் சாமுவேலையே சாமுவேலாகவும் போட்டிருந்தார்கள். சாமுவேல் வெறுங்காலோடு வந்ததில் சின்னச் சிக்கல். கழற்றுவதற்கு ஷூ வேண்டுமே. லின்சி மேடம் யாருடைய ஷூவையோ வாங்கி மாட்டிவிட்டார். அளவு பெரிது.

"தம்பி, ஷூவைக் கழட்டிக் குடுங்க" என்றான் மதன்குமார் மைக்கில்.

சாமுவேல் என்னவோ சொல்ல ஆரம்பித்தான். திக்கியது. கூட்டத்தில் சிரித்தார்கள். சிரிப்பு சத்தம் கேட்டதும் மதன்குமாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒத்திகையில் இல்லாதபடி காலைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். பெரிய ஷூ கையோடு வந்துவிட்டது. சாமுவேல் பின்பக்கமாகப் போய், மேடைப் படிகளில் உருண்டு, கீழே சிமென்ட் தரையில் முகம் மோத விழுந்தான். தாடை கிழிந்து ரத்தம் வெள்ளைச் சட்டையில் இறங்கியது.

கூட்டம் இன்னும் பலமாகக் கை தட்டியது. அவ்வளவு இயற்கையாக இருந்தது. போன்கள் உயர்ந்தன. மன்றம் அக்கறை முகத்தோடு அசையாமல் நின்றது.

கிருபாசங்கர் எழுந்தார். இதைச் சொல்லியாக வேண்டும், அவர் எழத்தான் செய்தார். விளக்கம் நடக்கும்போதே தாளாளர் ஒவ்வொருவருக்காகப் பொன்னாடை போட்டுக்கொண்டு வந்தார்; அதே நேரத்தில் முறை அவருக்கு வந்திருந்தது. பின்னாலிருந்து தாளாளர் பொன்னாடையை விரித்து அவர் தோள்மேல் போட்டு, தோளை அன்போடு கீழே அழுத்தினார். முன்னாலிருந்து போட்டோக்காரர், "சார், மறைக்குதுங்க. கொஞ்சம் உக்காருங்க" என்றார்.

கிருபாசங்கர் உட்கார்ந்தார்.

நிதீஷ் அதைப் பார்த்தான். பிறகு வரிசையை விட்டு நகர்ந்தான். மேடையைக் குறுக்கே கடந்து மதன்குமாரிடம் போனான். அவன் தோள் உயரம்கூட இல்லை.

"அண்ணா, அந்த ஷூவைக் குடுங்க" என்றான்.

மதன்குமாரின் இத்தனை நாள் அனுபவத்தில் யாரும் அவனிடம் இதைக் கேட்டதில்லை. கெஞ்சியவர்கள் உண்டு, அழுதவர்கள் உண்டு. சுற்றி நின்றவர்களில் ஒருவர் வந்து கேட்டது இதுவே முதல் தடவை. அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொடுத்துவிட்டான்.

நிதீஷ் படியிறங்கிப் போய் சாமுவேலின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தன் கைக்குட்டையை அவன் தாடையில் வைத்து அழுத்தினான். நன்றியுரைக்காக மைக் முன்னால் வந்து நின்ற அக்ஷயா, கையிலிருந்த தாளைப் பார்த்தாள். அதை மடித்து வைத்துவிட்டு, தாளாளர் முன்னாலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு அவளும் கீழே போனாள். யாரும் கை தட்டவில்லை. நிகழ்ச்சி நிரலில் அது இல்லை.

எங்கள் வட்டாரத்தில் நன்றியுரை இல்லாமல் முடிந்த விழா அது ஒன்றுதான்.

பள்ளி சும்மா இருக்குமா. மறுநாளே விசாரணை. முன்னிலை வரிசையைக் கலைத்ததற்காக நிதீஷின் பேட்ஜைப் பிடுங்கி ஒரு வாரம் வீட்டிலிருக்கச் சொன்னார்கள். அக்ஷயா நன்றி மறந்த குற்றத்துக்கு மன்னிப்பு எழுதிக் கொடுத்தாள். அவளுக்காக எழுதிக் கொடுத்தது சீனிவாசலு. சாமுவேல் தன் காலுக்குப் பொருந்தாத ஷூவைப் போட்டுக்கொண்டு வந்து, தானாக வழுக்கி விழுந்து, விழாவைக் கெடுத்தான் என்று முடிவானது. அவனுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிட வேண்டியது. மேடையிலிருந்த பெரிய மனிதர்கள் எல்லாரும், தாங்கள் முன்னிலை வகித்ததையும் எதையும் பார்க்கவில்லை என்பதையும் ஒரே மூச்சில் உறுதி செய்தார்கள்.

லின்சி மேடம் கிருபாசங்கருக்குப் போன் செய்தார். "நீங்களும் வந்து, எதையும் பார்க்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுது சார். நிதீஷை அன்னிக்கே வகுப்புல உக்கார வெச்சுடலாம். ஆண்டு விழாவுக்குத் தட்டு எவ்வளவு வேணும்னும் தாளாளர் பேசணும்னார்."

நிதீஷை வண்டியின் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிருபாசங்கர் போனார். தேர் வளைவுக்குக் கீழே ஜெயக்கொடி நின்றுகொண்டிருந்தாள். நர்ஸ் உடுப்பு, மேலே ஒரு ஸ்வெட்டர். ராத்திரி டூட்டி முடிந்து நேராக வந்திருக்கிறாள்.

"ஏனுங்க, நிதீஷ் அப்பாதானுங்களே?" என்று வண்டியை மறித்தாள். "என்ற பையன் தானா உழுந்தான்னு சொல்லிப்போட்டாங்க. டி.சி. வாங்கிட்டுப் போகச் சொல்றாங்க. நா அன்னிக்கு டூட்டீல இருந்தேன், வர முடியிலீங்க. பாத்தவங்க யாராச்சும் வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னு ஒவ்வொரு ஊடாப் போயிட்டு வாரேனுங்க. எல்லா ஊட்டுலயும் உக்காரச் சொல்லித் தண்ணி குடுத்தாங்க."

கிருபாசங்கர் வண்டியை அணைத்தார்.

"நீங்க மேடையில முன்னாலயே இருந்தீங்கன்னு சொன்னாங்க" என்றாள் ஜெயக்கொடி.

"அது பாருங்க அம்மணி... நம்ம கண்ணுல பட்டது..." என்று அவர் வாய் தானாக ஆரம்பித்தது. பாதியில் நின்றது. அது யாருடைய வாக்கியம் என்று அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. அதைக் கேட்டுத் தண்ணீர் குடித்து எழுந்து வந்த காலை நேரமும், மடியில் வைத்திருந்த மஞ்சப்பையும் ஞாபகம் வந்தன.

பின்னாலிருந்து நிதீஷ் சொன்னான். "எங்கப்பாவுக்கு எல்லாந் தெரிஞ்சிருக்குமுங்க ஆன்ட்டி. அவரு சேரு நேராத்தான் இருந்துச்சு."

குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. பையன் ஒரு தகவலைச் சொன்னான், அவ்வளவுதான். கிருபாசங்கருக்கு அது சாட்டையடியாக விழுந்தது. திரும்பி மகனைப் பார்த்தார். புருவம் அதனிடத்தில் இருந்தது. தலை சாயவில்லை. அவருடைய பழைய மகன்தான்.

"பாத்தனுங்க" என்றார் ஜெயக்கொடியிடம். "உங்க பையன் தானா உழுகலீங்க. அந்த மதன்குமாரு இழுத்துப்போட்டான். நா எந்திரிச்சேன். உக்காருங்கன்னாங்க, திரும்ப உக்காந்துட்டனுங்க. அதையும் சேத்தியே சொல்லிப்போடறேன். வாங்க, போலாம்."

மூன்று பேரும் உள்ளே போனார்கள். தாளாளர் வழக்கம்போல எழுந்து, சிரித்து, கை நீட்டினார்.

"வாங்க வாங்க. மொதல்ல உக்காருங்க."

மூன்று நாற்காலிகள் இழுத்துப் போடப்பட்டன. அட்டெண்டர் பாக்குமட்டைத் தட்டில் மூன்று டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். தட்டு கிருபாசங்கருடைய ஷெட்டில் செய்ததுதான். விரிசல் இல்லாத நல்ல தட்டு.

"இல்லீங்க" என்றார் கிருபாசங்கர். "நின்னுட்டே சொல்றேனுங்க."

தாளாளர் லின்சி மேடத்தைப் பார்த்தார். லின்சி மேடம் அட்டெண்டரைப் பார்த்தார். அட்டெண்டர் தண்ணீரைப் பார்த்தார். நின்றுகொண்டு பேசுகிறவரை என்ன செய்வது என்று அந்தப் பள்ளியில் யாருக்கும் பயிற்சி இல்லை.